மணிமங்கலமும் அதன் ஏரியும்: ஒரு வரலாற்றுப் பார்வை

தாம்பரம் என்றவுடன் இரயில் நிலையமும் விமானப்படைத் தளமுமே நம் நினைவுக்கு வருகின்றன. 1931ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கிய பின்னரே இப்பகுதி வளர்ந்தது. அதற்கு முன் இங்கு வரலாறு ஏதுமில்லை என்று இளைய தலைமுறையினர் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழையானது என்பதற்கு, முடிச்சூருக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூர் செல்லும் வழியில் அமைந்துள்ள மணிமங்கலம் என்னும் ஊரே சான்றாகும்.

காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைச் சுற்றிலும் சமவெளியே பரந்துள்ளது. ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு இங்கு இல்லை. ஆண்டு மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களுக்குள் பெய்து முடிந்துவிடும். அந்நீரைத் தேக்கினாலன்றி நெல் விளையாது. ஆகவே நம் முன்னோர் நிலத்தின் சரிவை அறிந்து, தாழ்ந்த பக்கத்தில் நீண்ட கரை எழுப்பினர். பாசனத்திற்கு மதகும், மிகுதி நீர் வெளியேறக் கலங்கலும் அமைத்தனர். ஓர் ஏரி நிரம்பினால் அதன் மிகுதி நீர் கால்வாய் வழியே அடுத்த ஏரியைச் சேரும். பழைய செங்கற்பட்டு மாவட்டம் ‘ஏரி மாவட்டம்’ என்று பெயர் பெற்றது இதனாலேயே.

ஏழாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி பல்லவ நாட்டின் மீது படையெடுத்து வந்தபோது, முதலாம் நரசிம்மவர்மன் அவனைப் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் வென்றதைக் கூரம் செப்பேடு தெரிவிக்கிறது. இவ்வெற்றிகளைத் தொடர்ந்து 642ஆம் ஆண்டளவில் சாளுக்கியரின் தலைநகரான வாதாபியும் பல்லவர் வசமாயிற்று.

நானூறு ஆண்டுகளுக்குப் பின், இதே ஊரின் இராஜகோபாலப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் பொறித்த கல்வெட்டு, அவன் கூடல்சங்கமத்தில் சாளுக்கியரை வென்றதைக் கூறுகிறது. முதலாம் இராசராசன் காலத்தில் இவ்வூர் உலோகமாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்று அழைக்கப்பட்டது. பின்வந்தோர் காலத்தில் வேறு பெயர்களும் சூட்டப்பட்டன. அரசர்கள் இட்ட பெயர்கள் அனைத்தும் மறைந்தன. மணிமங்கலம் என்ற பெயரும் ஏரியுமே நிலைத்தன.

அக்காலத்தில் ஏரியைக் காப்பது அரசனின் பணி மட்டுமன்று, ஊராரின் பொறுப்புமாகும். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்திற்கு உறுப்பினர்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த விதிகளை விரிவாகத் தருகின்றன. பொதுப் பணத்திற்குக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்தில் இடம்பெற இயலாது.

இவ்வரலாறு நமக்கு எதற்கு என்று வாசகர்கள் வினவலாம். ஆதனூர், மணிமங்கலம் சுற்றுவட்டார ஏரிகளின் மிகுதி நீரே அடையாறாக உருவெடுத்து, மண்ணிவாக்கம், வரதராஜபுரம், முடிச்சூர் வழியே ஓடிக் கடலைச் சேர்கிறது. 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கின. சென்னையெங்கும் பள்ளிவாசல்கள் சமய வேறுபாடின்றி மக்களுக்குக் கதவு திறந்ததை நாம் மறக்க இயலாது. எனினும் உதவி செய்வதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. அன்று வந்த நீர் புதிய வழியில் வரவில்லை. ஏரியின் கலங்கலிலிருந்து காலங்காலமாகத் தான் சென்ற வழியிலேயே சென்றது. அவ்வழியில் நாம்தாம் வீடுகளைக் கட்டியிருந்தோம்.

ஆகவே, மனை வாங்க விழைவோர் விலையையும் பட்டாவையும் மட்டும் பார்த்து அமையாது, கிராம வரைபடத்தில் அவ்விடத்தையொட்டி ஏரியோ கால்வாயோ குறிக்கப்பட்டுள்ளதா என்பதையும் பார்த்தல் வேண்டும். ஊர்ப் பெரியவர்களிடம், மழைக்காலத்தில் இங்கு நீர் எவ்வழியே போகும் என்று ஒரு வார்த்தை கேட்டறிதல் வேண்டும். ஏரி வாரியங்கள் இன்று இல்லை. ஆயினும் அவை ஆற்றிய பணி இன்றும் எஞ்சியிருக்கிறது. அது நம் தலைமுறையின் பொறுப்பாகும்.