கட்டி எங்கே? கட்டிக்குள் என்ன?

மூளைக் கட்டிகளில் மிகக் கொடியது கிளையோபிளாஸ்டோமா. பழைய மருத்துவ நூல்களில் அந்தப் பெயருக்குப் பின்னால் 'மல்டிஃபார்மே' என்று ஒரு வால் இருக்கும். 'பல வடிவம் கொண்டது' என்று பொருள். ஒரே கட்டியில் ஓரிடத்தில் செத்த திசு, ஓரிடத்தில் ரத்தக்கசிவு, இன்னோரிடத்தில் வேகமாகப் பெருகும் செல்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஆனால் உயிரோடு இருப்பவரின் தலைக்குள் இதை எப்படிப் பார்ப்பது?

முதலில் கட்டி எங்கே என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. 1884 நவம்பரில் லண்டனில் ரிக்மன் காட்லி ஓர் இளம் விவசாயியின் மூளைக் கட்டியை அகற்றினார். அப்போது எக்ஸ்ரேயே கிடையாது. முகமும் கையும் வெட்டி இழுத்ததை வைத்து, கட்டி இன்ன இடத்தில் இருக்கும் என்று ஹியூஸ் பென்னட் என்ற மருத்துவர் கணித்திருந்தார். அங்கேயே இருந்தது! ஆனாலும் ஒரு மாதத்துக்குள் தொற்று அவர் உயிரைக் குடித்துவிட்டது.

1895-ல் எக்ஸ்ரே வந்தது. மண்டையோடு தெரிந்தது, மூளை தெரியவில்லை. 1918-ல் அமெரிக்காவில் வால்டர் டேண்டி மூளையின் அறைகளில் காற்றை நிரப்பிப் படமெடுத்தார். 1927-ல் லிஸ்பனில் ஈகாஸ் மோனிஸ் கழுத்துத் தமனியில் மருந்து செலுத்தி ரத்தக்குழாய்களைப் படமாக்கினார். காற்றோ குழாயோ இடம் விலகி நின்றால், பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்று பெரும்பாலும் யூகம்தான்.

1971 அக்டோபர் 1 அன்று நிலைமை மாறியது. பீட்டில்ஸ் இசைத்தட்டுகளை வெளியிட்ட ஈஎம்ஐ நிறுவனத்தின் பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சிடி ஸ்கேனில், விம்பிள்டனில் ஒரு நோயாளியின் மூளை படமானது. 80-க்கு 80 புள்ளிகள் கொண்ட கரடுமுரடான படம்தான். ஆனாலும் கட்டியே நேராகத் தெரிந்தது.

பிறகு வந்த எம்ஆர்ஐ இன்னும் தெளிவு. 1980களின் இறுதியில் கடோலினியம் மருந்தும் சேர்ந்தது. கட்டியின் சில பகுதிகள் வெள்ளையாக ஒளிர்ந்தன. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஒளிர்வது, ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பு உடைந்த இடம். ஒளிராத இடத்திலும் புற்றுச் செல்கள் இருக்கலாம்.

இது ஏன் முக்கியம்? பயாப்சி ஊசி எடுப்பது அரிசிமணி அளவு சதை. சாதுவான மூலையில் குத்தினால் 'தீவிரம் குறைவு' என்று அறிக்கை வரும். சிகிச்சையும் அதற்கேற்ப மெதுவாகப் போகும். பக்கத்துப் பகுதி காத்திருக்காது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்தப் பானைக்குப் பொருந்தாது. 2013-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 11 நோயாளிகளின் கட்டிகளில் பல இடங்களிலிருந்து துண்டெடுத்துப் பார்த்தார்கள். பலரிடம் ஒரே கட்டிக்குள் வெவ்வேறு மரபணு வகைகள்!

இதற்காகவே இன்று பல கண்கள். பெர்ஃப்யூஷன் ரத்த ஓட்டத்தைக் காட்டும். டிஃப்யூஷன் செல்களின் நெருக்கத்தைக் கோடிகாட்டும். ஸ்பெக்ட்ராஸ்கோப்பி கோலின் போன்ற வேதிப்பொருள்களை அளக்கும். பெட் ஸ்கேன், செல்களின் பசியைக் காட்டும். மூளையே சர்க்கரையை ஏராளமாகத் தின்னும் உறுப்பு என்பதால், அங்கே குளுக்கோஸைவிட அமினோ அமிலம் கட்டியைப் பிரித்துக் காட்ட உதவுகிறது.

இவை எதுவும் ஊசிக்கு மாற்றாகிவிடவில்லை. ஊசி எங்கே போக வேண்டும் என்று சொல்கின்றன. நோயாளிக்கு அதுவே பெரிய விஷயம்.