கடல் கடந்த கடம்

தமிழ் யாப்பின் வரலாற்றை எழுதுவோர் எழுத்தையும் அசையையும் சீரையும் விரிவாக ஆராய்வர். அச்சீரைக் கையால் தட்டி எண்ணி வந்த தாளக் கலைஞரை அவர்கள் நினைப்பது அரிது. கவிஞர் பலர் கூடிப் பத்தாண்டு கண்ட நம் வட்டத்தின் மலரில், அமெரிக்க ராக் இசைக் கலைஞர் ஒருவர் உருவாக்கி நன்கு விற்பனையான ஓர் இசைத்தொகுப்பையும், அதில் ஒலித்த நம் மண்பானையையும் பற்றி எழுத முற்பட்டமைக்கு இதுவே காரணம்.

கலிஃபோர்னியாவில் 1965-இல் தோன்றிய 'கிரேட்ஃபுல் டெட்' என்னும் குழு, இசைத்தட்டைக் காட்டிலும் மேடையையே நம்பி வாழ்ந்தது. ஒரே பாடல் ஒவ்வோர் இரவும் வேறு வேறாக விரியும். மனோதர்மம் அறிந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. இருபதாண்டுகளுக்கு மேல் இவ்வாறு இயங்கிய பின்னர், 1987-இல் வெளிவந்த 'இன் தி டார்க்' என்னும் தொகுப்பு பில்போர்டு பட்டியலில் ஆறாம் இடம் வரை ஏறிப் பெரும் வணிக வெற்றியை ஈட்டித் தந்தது. அக்குழுவின் தாளக் கலைஞர் இருவருள் ஒருவர் மிக்கி ஹார்ட். தபலா மேதை அல்லா ரக்காவைக் கண்டு இந்தியத் தாளக் கணக்கில் தோய்ந்தவர். அம்மேதையின் மைந்தர் ஜாகிர் உசேனுடன் இணைந்து 1976-இலேயே 'திகா' என்னும் தொகுப்பை வெளியிட்டவர்.

அதே ஆண்டில் வேறொரு வாயிலும் திறந்தது. கிதார்க் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், வயலின் எல். சங்கர், ஜாகிர் உசேன் ஆகியோருடன் நம் விக்கு விநாயக்ராம் கடம் வாசித்த 'சக்தி' குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. ராக் குழுவில் டிரம்ஸ் நிற்கும் இடத்தில் தபலாவும் கடமும் அமர்ந்தன. 1942-இல் பிறந்த விநாயக்ராம், சென்னையில் தாளவாத்தியப் பள்ளி நிறுவிய ஹரிஹர சர்மாவின் மைந்தர் என்பதை இங்கு நினைத்தல் வேண்டும். மேடைக்கு வருமுன்பே கணக்கு அவர் கைக்கு வந்திருந்தது.

1991-இல் ஹார்ட் 'பிளானெட் டிரம்' தொகுப்பை உருவாக்கியபோது, நைஜீரியாவின் ஒலதுஞ்சி, பிரேசிலின் ஏர்டோ மொரெய்ரா, போர்ட்டோ ரிக்கோவின் ஜொவானி இடால்கோ முதலியோருடன் விநாயக்ராமும் இடம்பெற்றார். ஏறத்தாழ முழுவதும் தாளக் கருவிகளும் மனிதக் குரலுமே. இத்தகைய தொகுப்பு 26 வாரங்கள் பில்போர்டின் உலக இசைப் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. உலக இசைக்கென 1992-இல் முதன்முறையாக வழங்கப்பட்ட கிராமி விருதையும் பெற்றது.

இவ்வெற்றியைக் கலையின் வெற்றியாக மட்டுமே எழுதுவது வரலாறாகாது. பல்லாண்டுகளாக ஊர் ஊராகத் தொடர்ந்து வந்த 'டெட்' ரசிகர் கூட்டம் ஆயத்தமாக இருந்தது. பில்போர்டு உலக இசைக்குத் தனிப்பட்டியல் தொடங்கியது 1990-இல்தான். 'உலக இசை' என்பதே கடைக்காரர் தம் அலமாரிக்கு இட்ட பெயர் என்பது என் கருத்து. நமக்கு வீட்டிசையாக இருப்பது அங்கே உலக இசையாகிறது. தொகுப்பும் ஹார்ட்டின் பெயரிலேயே வெளிவந்தது.

இனிக் கடத்துக்கு வருவோம். தேவாரம் கூறும் குடமுழவே கடம் என்று எழுதுவோர் உளர். அது பொருந்தாது. திருவாரூர்ப் பஞ்சமுக வாத்தியத்தில் காண்பதுபோல் குடமுழவு தோல் போர்த்தது. கடத்துக்குத் தோல் இல்லை. சுட்ட மண்ணே ஒலிக்கிறது. மானாமதுரையில் வேளார் வனையும் கனத்த கடம் சூளையில் வெந்தபின் அதன் சுருதி பெரிதும் மாறாது. எனவே சுருதிக்கு ஒரு கடம் வேண்டும். கழுத்தில் விரல் நுனி, வயிற்றில் மணிக்கட்டு, வாயைத் தன் வயிற்றோடு அணைத்துத் திறந்தால் அடித்தொனி. இத்தனை ஒலிகளும் ஒரு பானைக்குள்.

இவ்வொலிகளுக்கு வாய்மொழி வடிவம் தருவது சொற்கட்டு. மூன்றுக்குத் தகிட, நான்குக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட. சந்தப் பாவலர் பொருள் நிரப்புமுன் மனத்தில் ஓட்டும் 'தனன தான' வாய்பாட்டுக்கு இது உடன்பிறப்பு. நம் பூந்தமல்லிக்கு மேற்கே சில கல் தொலைவிலுள்ள திருமழிசையில் தோன்றிய ஆழ்வார், தம் 120 பாடல்களுக்குத் 'திருச்சந்த விருத்தம்' என்று சந்தத்தின் பெயராலேயே வழங்கும் புகழ் பெற்றார். அவ்விருத்தத்தைப் பொருள் அறியாச் சிறுவன் ஓதினாலும் செவி அதை விடாது. மொழி அறியா அமெரிக்கர் விநாயக்ராமின் கடத்தைக் கேட்டுக் கிறங்கியதை இவ்வாறே நான் விளங்கிக்கொள்கிறேன்.

மேனாட்டு விருதால் கடம் மதிப்புப் பெற்றது என்று சொல்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. நம் கச்சேரிகளில் கடம் மிருதங்கத்துக்குப் பின்வரும் உபபக்கவாத்தியம். சில வேளைகளில் அதற்கு இடமே இல்லை. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சிற்றுண்டிச் சாலைக்கு எழும் ரசிகர்களைச் சபைகள் நன்கறியும். 'சக்தி'யிலும் 'பிளானெட் டிர'மிலும் அது மற்றக் கருவிகளுக்கு ஒப்ப அமர்ந்தது. நம் புதுக்கவிதை அரங்குகளிலும் ஓசையைப் பொருளுக்குப் பின் வரிசையில் அமர்த்திவிட்டோமோ என்னும் ஐயம் எனக்கு உண்டு. கவிஞர்கள் சினவாமல் கேட்க வேண்டும்.

விநாயக்ராமுக்கு 2002-இல் பத்மஸ்ரீயும் 2014-இல் பத்மபூஷணும் கிடைத்தன. அவர் மைந்தர் செல்வகணேஷ் கஞ்சிராவைத் தம் முதன்மைக் கருவியாகக் கொண்டார். மீண்டும் எழுந்த 'சக்தி'யின் 'திஸ் மொமென்ட்' தொகுப்பு 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றபோது, தந்தை அமர்ந்த குழுவில் மைந்தர் இருந்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார்.