மருகால்தலைக் குகைக் கல்வெட்டு

பொருநை வளஞ்செய்யும் திருநெல்வேலிச் சீமையில் மருகால்தலை என்பது ஒரு சிற்றூர். அவ்வூர்க் குகையிற் பொறித்த ஒற்றைவரிக் கல்வெட்டு 1906-ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. அதன் எழுத்துப் பிராமி. பாண்டிநாட்டுக் குகைகளில் இவ்வெழுத்தாற் பொறித்தவற்றின் மொழி பாலி போலும் என அறிஞர் முதற்கண் கருதினர். அவை தமிழே என்பதனை 1924-இல் சென்னையிற் கூடிய கீழைக்கலை மாநாட்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் விளக்கினார்.

மருகால்தலை வரி கூறுவது வேந்தர் வெற்றியன்று; காசிபன் என்பான் ஒருவன் அளித்த கற்படுக்கையையே. காசிபன் என்னும் பெயர் வடசொல். ‘கொடுபித’ என்னும் வினையோ தமிழ். ஒற்று இரட்டாது எழுதும் அக்கால வழக்கால் இங்ஙனம் நின்ற இதனைக் ‘கொடுப்பித்த’ எனக் கொள்க. எழுத்தும் பெயரும் பிறபுலத்தனவாயினும் வாக்கியத்தின் உயிர் தமிழாதல் காண்க.

இத்தகைய குகைகளில் உறைந்தோர் சமண முனிவர் என்பர். அதுபற்றிச் சைவ நன்மக்கள் இவற்றைப் புறக்கணித்தல் தகாது. செல்லரித்த ஏட்டினைப் பெயர்த்தெழுதிக் காத்தனர் முன்னோர். வெடிமருந்தாற் சிதறிய பாறையை மீட்டெழுதுவார் யாவர்? திருக்கோயிற் கல்வெட்டுக்களைப் போற்றும் அன்பர் இவ்வொரு வரியினையும் போற்றிக் காப்பாராக.