வாகனப் புகைப் பரிசோதனை (இலங்கை)

மோட்டார் வாகனங்களின் புகையை அளந்து காற்றின் தரத்தைக் காக்க இலங்கையில் நடைபெறும் திட்டம். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2003இல் வர்த்தமானியில் வெளியான நியமங்கள் இதற்கு அடிப்படை. ஈயம் கலந்த பெற்றோல் அதற்கு முந்திய ஆண்டே நிறுத்தப்பட்டது. 2008இல் மேல் மாகாணத்தில் தொடங்கிய பரிசோதனை பின்னர் சப்ரகமுவ உட்பட நாடு முழுவதற்கும் விரிந்தது. சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. திட்டத்தின் பலமே இதுதான்.

பெற்றோல் வாகனங்களில் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் அளக்கப்படும். டீசல் லொறியை நிறுத்தி, கியர் போடாமல் அக்சிலேற்றரை முழுதாக மிதித்து, புகைக்குழாயில் செருகிய கருவியால் புகையின் அடர்த்தியைப் பார்ப்பார்கள். இம்முறையின் குறை கேகாலை மாவட்டத்தில் நன்றாகத் தெரியும். கொழும்பு–கண்டி ஏ1 வீதி கேகாலை நகரின் ஊடாகவே போகிறது. மாவனல்லை தாண்டினால் கடுகண்ணாவை ஏற்றம். நின்ற நிலையில் தேறிய லொறி, சுமையோடு அங்கே ஏறும்போது கரும்புகை கக்கலாம். வீதியோரச் சோதனைகள் இத்தகைய ஏற்றங்களில்தான் அதிகம் நடக்க வேண்டும்.

2008இல் திருத்தப்பட்ட காற்றுத்தர நியமம், 2.5 மைக்ரோமீற்றருக்குட்பட்ட நுண்துகள்களுக்குக் கனமீற்றருக்கு 25 மைக்ரோகிராம் என்ற ஆண்டுச் சராசரி வரம்பை விதித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுப் பரிந்துரை 5 மட்டுமே.