ஊசி போட்டு ஏற்றும் உடம்பு: ஸ்டீராய்டு வந்த பாதை



தர்மபுரியில் விடியற்காலையில் எந்த மைதானத்துக்குப் போனாலும் காவலர் தேர்வுக்கு ஓடும் பிள்ளைகளைப் பார்க்கலாம். "ஜிம்மில் ஊசி போட்டால் சீக்கிரம் உடம்பு ஏறுமாமே சார், போடலாமா?" என்று அவர்களில் சிலர் கேட்கிறார்கள். அந்த ஊசி வந்த பாதையைச் சொல்கிறேன். (மூச்சிரைப்புக்கு டாக்டர் கொடுக்கும் ஸ்டீராய்டு வேறு வகை. அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.)

டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை 1935இல் பூட்டெனான்ட், ருசிக்கா என்ற இரு விஞ்ஞானிகள் ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். இருவருக்கும் 1939ஆம் ஆண்டு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அதன் வழியில் வந்த டயனபால் மாத்திரை 1958இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நோயாளிக்காக வந்த மருந்து பளு தூக்குவோர் கைக்குப் போய்விட்டது.

கிழக்கு ஜெர்மனியில் 1974 முதல் அரசே இதை ரகசியத் திட்டமாக நடத்தியது. பதின்வயதுச் சிறுமிகளுக்கு நீல நிற மாத்திரையை "வைட்டமின்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். பதக்கங்கள் குவிந்தன. பலருக்குக் குரல் தடித்தது, உடல்நலம் கெட்டது. 2000இல் பெர்லின் நீதிமன்றம் விளையாட்டுத் துறைத் தலைவர் எவால்டைக் குற்றவாளி என்றது. ஆனால் அவர் சிறைக்குப் போகவில்லை. தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். 2011இல் ஆறு 400 மீட்டர் வீராங்கனைகள் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். அவர்களில் மூவர் 2010 தில்லி காமன்வெல்த் தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கியவர்கள். பயிற்சியாளர் கொடுத்த சத்துப் பொருளைத்தான் சாப்பிட்டோம் என்றார்கள். வெளிநாட்டுப் பயிற்சியாளரை நீக்கினார்கள். வீராங்கனைகளுக்கு இரண்டு ஆண்டுத் தடை, லண்டன் ஒலிம்பிக் கனவும் போயிற்று.

2019இல் தோகாவில் 800 மீட்டரில் தங்கம் வென்ற திருச்சி கோமதி மாரிமுத்துவைத் தமிழ்நாடே கொண்டாடியது. பிறகு நாண்ட்ரோலோன் கண்டறியப்பட்டது. அவர் மறுத்தார். ஆனாலும் பதக்கம் பறிபோனது, நான்கு ஆண்டுத் தடை விழுந்தது.

2023இல் இந்திய வீரர்களிடம் எடுத்த 5,606 மாதிரிகளில் 213இல் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது. எல்லாம் ஸ்டீராய்டு அல்ல. ஆனாலும் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு என்பது தலைகுனிவுதான்.

இந்த வரலாற்றில் நான் காண்பது ஒன்று. கொடுப்பவர் அரசாகவோ பயிற்சியாளராகவோ ஜிம் நடத்துபவராகவோ இருக்கலாம். கேடு வருவது வாங்கிக்கொண்ட உடம்புக்குத்தான். மைதானத்தில் ஓடும் பிள்ளைக்குப் பரிசோதனையும் கிடையாது, பக்கத்தில் டாக்டரும் கிடையாது.

ஆண்களுக்கு விந்து உற்பத்தி குறையும், மார்பு பெண்களுக்குப் போல வளரலாம், கல்லீரலும் இதயமும் கெடும். வளரும் வயதில் போட்டால் எலும்பின் வளர்ச்சித் தட்டு முன்கூட்டியே மூடிக்கொள்ளும். உயரம் நின்றுவிடும். காவலர் தேர்வில் முதலில் அளப்பதே உயரத்தைத்தான்!

1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட ஊசி தேவையில்லை. ஆறு மாதப் பயிற்சி, முட்டை, நிலக்கடலை, நம் ஊர்க் கேழ்வரகுக் களி, நல்ல தூக்கம் போதும்.

பெற்றோர்களே, மகன் திடீரென்று உடம்பு ஏறி, முகமெல்லாம் பருவாகி, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

பயன்படும் என்று நினைத்தால் நாலு பேருக்குப் பகிருங்கள்.