சிறகு மனிதனும் சில்வர் பாலமும்: ஒரு முன்னறிவிப்புக் கதை உருவான விதம்

1966 நவம்பர் 15 இரவு, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பாயின்ட் பிளெசன்ட் ஊருக்கு வெளியே காரில் சென்ற இரு இளந்தம்பதியர், சிவந்து ஒளிரும் கண்களும் பெரிய சிறகுகளும் கொண்ட ஆளுயர உருவத்தைக் கண்டதாகச் சொன்னார்கள். வண்டியை விரட்டியும் அது பறந்து தொடர்ந்ததாம். மறுநாளே உள்ளூர் நாளிதழில் செய்தி வந்தது. விரைவில் ‘மாத்மேன்’ என்ற பெயரும் நிலைத்தது. பதின்மூன்று மாதம் கழித்து, 1967 டிசம்பர் 15 மாலை, அவ்வூரை ஒஹாயோ மாநிலத்தோடு இணைத்த சில்வர் பாலம் இடிந்து 46 பேர் இறந்தனர். இன்று இரண்டும் ஒரே கதை: சிறகு மனிதன் அழிவை முன்னறிவிக்க வந்தான் என்கிறார்கள். இந்த முடிச்சு பின்னால் போடப்பட்டது. அது மூலக்கதையின் களத்தையே மறைத்துவிட்டது என்பது என் வாதம்.

அந்தக் களம் இரண்டாம் உலகப் போரின் வெடிமருந்து ஆலை. ஊரார் அதை ‘டிஎன்டி பகுதி’ என்பார்கள். புல் மூடிய கான்கிரீட் கிடங்குக் குவிமாடங்கள் போருக்குப் பின் அங்கே கைவிடப்பட்டுக் கிடந்தன. 1983இல் அரசு அந்நிலத்தை நச்சுக் கழிவு அகற்ற வேண்டிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது. 1966இன் கதை இந்த நிலத்தைப் பற்றிய அச்சத்திலிருந்து பிறந்தது. அதில் பாலமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அவர்கள் கண்டது வழிதவறிய சாண்ட்ஹில் கொக்காக இருக்கலாம் என்றார் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழக உயிரியலாளர் ராபர்ட் ஸ்மித். கொக்கின் கண்ணைச் சுற்றிய செந்நிறத் தோல் இருளில் தானே ஒளிராது. கார் விளக்கில் ஆந்தையின் கண் ஒளிரும். எனவே ஆந்தை என்பாரின் விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் எந்தப் பறவை என்று தெரிந்துவிட்டாலும், அது ஏன் அந்த இடத்தில் மனித உருக் கொண்டது என்ற கேள்வி தீராது.

பாலத்துக்கு வருவோம். 1928இல் கட்டப்பட்ட அது, இரு முனையிலும் துளையுள்ள எஃகுச் சட்டங்களைக் கோத்த சங்கிலிகளில் தொங்கியது. ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டே சட்டங்கள். ஒன்று முறிந்தால் தாங்க மாற்று இல்லை. ஒரு சட்டத்தின் துளைக்குள் அரிப்பும் தகைவும் சேர்ந்து ஏற்படுத்திய வெடிப்பின் ஆழம் சுமார் 2.5 மில்லிமீட்டர். இணைப்பைக் கழற்றாமல் எந்தக் கண்ணுக்கும் அது தெரிந்திருக்காது. சுமார் ஒரு நிமிடத்தில் பாலம் முழுதும் விழுந்தது.

இங்கேதான் கதையின் தேவை பிறக்கிறது. கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்பு, நெரிசல் வேளையில், எந்த முன்னறிகுறியும் இன்றி வந்த சாவு அது. இழந்தவர்களுக்கு அந்த ‘இன்றி’யைத் தாங்குவது எளிதல்ல. எஃகு தராத எச்சரிக்கையைக் கதை தந்தது. 1777இல் இங்கே கொல்லப்பட்ட ஷானி பழங்குடித் தலைவர் கார்ன்ஸ்டாக்கின் சாபமும் இதே வேலைக்கு அழைக்கப்பட்டது. ஜான் கீலின் 1975ஆம் ஆண்டு நூல் சிறகு மனிதனையும் பாலத்தையும் இறுகக் கட்டியது. அந்நூலைத் தழுவிய 2002இன் திரைப்படம் அதை உலகெங்கும் கொண்டுபோனது. 2003இல் ஊர் நடுவே எஃகுச் சிலையும் எழுந்தது.

வழக்காற்றியலார் இவற்றை இரு கதைகளாகவே பதிய வேண்டும்: ஒன்று நஞ்சேறிய நிலத்தின் கதை, மற்றது துக்கத்தின் கதை. எச்சரிக்கை என்ற சொல்லுக்கு உரியது மூன்றாவது ஒன்று. சில்வர் பாலத்தின் இடிபாடு தூண்டிய சட்டத்தின் விளைவாக, 1971இல் அமெரிக்கா முழுமைக்குமான பாலச் சோதனை விதிகள் நடைமுறைக்கு வந்தன.