சிங்கப்பூரில் புகையின் எல்லைகள்

சிங்கப்பூர் 1970ஆம் ஆண்டில் பேருந்துகளிலும் திரையரங்குகளிலும் நாடக அரங்குகளிலும் புகைபிடிப்பதைச் சட்டத்தால் தடுத்தபோது, ஒருவர் விடும் புகை மற்றவர் உடலை எவ்வாறு தாக்குகிறது என்பதற்கான அறிவியல் சான்றுகள் இன்னும் திரண்டிருக்கவில்லை. சிகரெட்டின் எரியும் நுனியிலிருந்து எழும் புகையும் புகைப்பவர் ஊதி வெளிவிடும் புகையும் கலந்து, அருகிலிருப்போர் சுவாசிக்க நேரும் காற்றே இரண்டாம் நிலைப் புகை எனப்படுகிறது. ஜப்பானிய ஆய்வாளர் தக்கேஷி ஹிராயாமா, புகைக்காத 91,540 மனைவியரைப் பற்றிய 14 ஆண்டுத் தரவுகளைக் கொண்டு 1981இல் வெளியிட்ட ஆய்வு, கணவர் மிகுதியாகப் புகைத்த பெண்களிடையே நுரையீரல் புற்றுநோய் இறப்பு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. 1986இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கையும் இத்தீங்கை உறுதிசெய்தது. அதே ஆண்டில் சிங்கப்பூர் தனது தேசியப் புகைபிடித்தல் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது.

அடுத்த கட்டங்களில் தடை மூடிய அரங்குகளைத் தாண்டி, மக்கள் அன்றாடம் கூடும் இடங்களை எட்டியது. சுவரற்ற காப்பிக்கடைகளும் உணவங்காடி நிலையங்களும் 2006 ஜூலையிலும், மதுக்கூடங்களும் இரவு விடுதிகளும் 2007 ஜூலையிலும் தடைக்குள் வந்தன. வாடிக்கையாளர் எழுந்து செல்லலாம், ஆனால் பணியாளர் வேலை நேரம் முழுவதும் அக்காற்றிலேயே நிற்க வேண்டும் என்பதால், இவ்விரிவாக்கம் தொழிலாளர் நலனைக் காத்த நடவடிக்கையுமாகும். எனினும் உணவகங்களின் திறந்தவெளியில் புகைபிடிப்போருக்கென ஒரு மூலை ஒதுக்கும் சலுகை நீடித்தது. 2017இல்தான் புதிய மூலைகளுக்கு அனுமதி நிறுத்தப்பட்டது.

ஓரிடத்தில் தடுக்கப்பட்ட புகை மற்றோர் இடத்திற்குப் பெயர்ந்துவிடும் என்பதே நகர நிர்வாகம் தொடர்ந்து எதிர்கொண்ட சிக்கலாகும். மக்களில் பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் வாழும் நகரில், படிக்கட்டில் பிடிக்கும் ஒரு சிகரெட் பல குடும்பங்களின் காற்றைக் கெடுக்கும். ஆகவே 2013 ஜனவரியில், குடியிருப்புகளின் பொதுத் தாழ்வாரங்கள், படிக்கட்டுகள், கீழ்த்தளத் திறந்தவெளிகள் ஆகியவற்றுடன், பேருந்து நிறுத்தங்களைச் சுற்றி 5 மீட்டர் வரையிலும் தடை விரிந்தது.

2019 ஜனவரியில் ஆர்ச்சர்ட் சாலை வட்டாரத்தில் நடைமுறைக்கு வந்த விதி, அதுவரை இருந்த சட்டமுறையையே தலைகீழாக்கியது. விலக்கப்பட்ட இடங்கள் தவிர எங்கும் புகைக்கலாம் என்பது மாறி, குறித்த சில இடங்கள் தவிர எங்கும் புகைக்கக்கூடாது என்றானது. 2022 ஜூலையில் பொதுப் பூங்காக்களும் 10 பொழுதுபோக்குக் கடற்கரைகளும் தடைக்குள் வந்தன.

வீட்டின் சன்னலோரத்திலும் மேல்மாடத்திலும் புகைப்பதைத் தடுக்க வேண்டுமென 2020இல் நாடாளுமன்றத்தில் எழுந்த கோரிக்கையை, குடும்பங்களின் தனியுரிமையில் தலையிடுவதாகும் எனக் கூறி அரசு ஏற்கவில்லை. அரை நூற்றாண்டில் தடை அடைந்த ஒவ்வொரு விரிவுக்கும், விலகிச் செல்ல இயலாதோரின் மூச்சைக் காக்க வேண்டும் என்ற நியாயமே வலுவளித்தது. அவர்களுள் மிகவும் இயலாதோர் புகைப்பவரின் வீட்டில் வளரும் குழந்தைகளே. சட்டம் வாசலோடு நின்றுவிடுவதால், அவர்களைக் காக்கும் பொறுப்பு முழுமையாகப் பெற்றோரையே சேர்கிறது.